முள்முதுகு மீனுக்குத் தமிழில் என்ன பெயர்?

கலைச்சொல் ஆக்கத்தைப் பற்றிப் பேசும்போது, நாம் பெரும்பாலும் கணினியையும் மருத்துவத்தையுமே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம். இவ்வுரையில் ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். நம் வெப்பக் கடல்களில் வாழாத மீன் அது. நம் முன்னோர் கண்டிராதது. ஆதலால் அதற்குத் தமிழில் வழக்குப் பெயர் இல்லை. உயிரியல் ஆசிரியர் ஒருவர் அதனை மாணவர்க்குத் தமிழில் விளக்க முற்பட்டால் எந்தச் சொல்லை எடுப்பார்? தவறான சொல்லை எடுத்தால் என்ன நேரும்? இவ்விரு வினாக்களே இங்கு நம் ஆய்வுக்குரியவை.

அம்மீனின் பேரினப் பெயர் சிஃபிஸ்டர். இப்பேரினத்தில் இரண்டே சிற்றினங்கள் உள்ளன. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரையிலான குளிர்ந்த கடலோரங்களில் அவை வாழ்கின்றன. ஓதம் வடிந்தபின் பாறைகளுக்கடியில் ஈரம் எஞ்சியிருக்கும் இடுக்குகளே அவற்றின் உறைவிடம். உடல் நீண்டு, பக்கவாட்டில் தட்டையாகி, பாம்பினைப் போல் வளையும் தன்மையது. இடுப்புத் துடுப்புகள் இல்லை. மார்புத் துடுப்புகளோ உற்று நோக்கினால் மட்டுமே புலப்படும் அளவிற்குச் சிறியன. முதுகுத் துடுப்பு நெடுகிலும் 60-க்கும் மேற்பட்ட முட்கள் வரிசையாக அமைந்துள்ளன. பெரும்பாலான மீன்களுக்குப் பக்கத்திற்கு ஒரு பக்கக்கோடு இருக்க, இம்மீன்களுக்குப் பக்கத்திற்கு நான்கு உள்ளன. நீர் வடிந்த பின்னும், உடல் ஈரமாக இருக்கும்வரை பல மணி நேரம் காற்றைச் சுவாசித்து உயிர்வாழ வல்லவை இவை.

இத்தோற்றத்தைக் கண்டவுடன் நம் நாவில் முதலில் எழும் சொல் 'விலாங்கு'. இது நமக்கு மட்டும் உரிய பிழையன்று. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு மீனைக் கலிபோர்னிய மீனவர்கள் 'குரங்குமுக விலாங்கு' என்னும் பொருள்படவே ஆங்கிலத்தில் அழைத்து வந்துள்ளனர். ஆயினும் விலாங்கு வேறு, இது வேறு. மெய்யான விலாங்கின் குஞ்சு கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் இலை வடிவில் கடலில் நெடுநாள் மிதந்து, பின்னரே உருமாறும். முள்முதுகு மீன்களுக்கு அத்தகைய இலைவடிவப் பருவம் இல்லை. நன்னீர் விலாங்கு தொலைகடல் சென்று முட்டையிட்டு மடிவது. சிஃபிஸ்டரில் தந்தை மீனே முட்டைத் திரளைத் தன் உடலால் சுற்றி வளைத்துக்கொண்டு, பாறைக்கடியில் காவல் இருக்கும். மார்லியேவ், டிமார்ட்டினி என்னும் இரு ஆய்வாளர்கள் 1977-இல் இப்பேரினத்தின் பெற்றோர்ப் பேணலைப் பற்றியே தனிக் கட்டுரை வெளியிட்டனர். 'விலாங்கு' என்று கற்ற மாணவர், விலாங்கின் வாழ்க்கையையே இதற்கும் எழுதுவார். அப்போது தேர்வுத்தாளில் காணப்படும் பிழைக்கு மாணவரைக் குறை கூற இயலாது.

அடுத்து, அறிவியற்பெயரையே மொழிபெயர்க்கலாம் என்போர் உளர். சிஃபிஸ்டர் என்பது கிரேக்கத்தில் வாளைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது. 'வாள்மீன்' எனலாமா? நீண்ட அலகுடைய பெருங்கடல் மீனொன்றிற்கு அப்பெயர் முன்பே வழங்கிவிட்டது. சற்றே மாற்றினால், சந்தையில் நாம் வாங்கும் 'வாளை' குறுக்கே வந்து நிற்கின்றது.

மூன்றாவதாக, 'ஆரல்' என்னும் அழகிய பழஞ்சொல் நம்மிடம் உண்டு. இதுவே நம்மை மிகவும் ஈர்த்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரலும் விலாங்கைப் போல் நீண்டது; ஆனால் விலாங்கன்று. அதன் முதுகிலும் முட்கள் வரிசையாக உள. எனினும் ஆரல் நன்னீர் மீன். சிஃபிஸ்டருக்கு நெருங்கிய உறவன்று. நாவிற்கு இனிமையான சொல் என்பதற்காக உறவில்லாத இரண்டை ஒரு பெயரால் பிணைப்பது, இன்று எளிமையாகத் தோன்றி நாளை குழப்பத்தைத் தரும்.

ஆகவே குடும்பத்திற்கு 'முள்முதுகு மீன்' என்னும் விளக்கப்பெயரையும், பேரினத்திற்குச் 'சிஃபிஸ்டர்' என்னும் ஒலிபெயர்ப்பையும் நாம் பரிந்துரைக்கின்றோம். ஒன்று காண்பதைச் சொல்கின்றது. மற்றொன்று உலக அறிவியலோடு இணைக்கின்றது.

சிற்றினங்களுக்கு வரும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகின்றது. ஆங்கில வழக்கில் ஒன்று 'கரு முள்முதுகு', மற்றொன்று 'பாறை முள்முதுகு'. இரண்டுமே பாறைகளுக்கடியில் வாழ்வன. இரண்டுமே கருமை படர்ந்தவையாகக் காணப்படலாம். பெயர் வேறுபடுத்திக் காட்ட வேண்டியதைக் காட்டவில்லை.

உணவைக்கொண்டு பெயரிடலாமே என்று சிலர் வினவலாம். பாறை முள்முதுகு வளர்ந்தபின் கடற்பாசியையே உண்ணும். குளிர்கடல் மீன்களிடையே இஃது அரிய பண்பு. கரு முள்முதுகோ பாசியையும் சிற்றுயிர்களையும் ஒருங்கே உண்ணும். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் முதலிய நொதிகளை இவ்விரண்டிலும் இவற்றின் உறவு மீன்கள் இரண்டிலும் ஒப்பிட்டு, 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உணவு, வளர்ச்சி, மரபுவழி ஆகிய மூன்றும் செரிமானத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதே அதன் வினா. எனவே 'பாசியுண்ணி' என்னும் பெயர் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அதே மீன் குஞ்சாக இருக்கையில் இறால் போன்ற சிற்றுயிர்களையே உண்கின்றது! அப்பெயரைச் சூட்டினால் குஞ்சுப் பருவத்திற்கு அது பொய்யாகிவிடும்.

எஞ்சுவது கண்ணிலிருந்து பின்னோக்கிச் செல்லும் பட்டைகள். கரு முள்முதுகில் அவை வெண்ணிற ஓரமுடைய கரும்பட்டைகள். பாறை முள்முதுகில் கருநிற ஓரமுடைய வெளிர்பட்டைகள். குஞ்சு, முதிர்ந்தது என்ற வேறுபாட்டை ஒட்டிப் பொய்க்கும் உணவைவிட இது உறுதியான அடையாளம். 'கரும்பட்டை முள்முதுகு', 'வெண்பட்டை முள்முதுகு' என்னும் இரு பெயர்களை இங்கு முன்வைக்கின்றோம். ஆசிரியர்கள் இவற்றை வகுப்பறையில், இரு மீன்களின் படங்களையும் அருகருகே வைத்து, மாணவர் எத்தனை பேர் பெயரைக்கொண்டே மீனை இனங்காண்கின்றனர் என்று சோதித்துப் பார்க்கலாம்.