சம்பல் ஆற்றின் மணல் திட்டுகளில் ஒரு கோடைக் காலை

சென்னையிலிருந்து தில்லிக்கு இரயிலில் செல்வோர், குவாலியரைக் கடந்தபின் மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் இடையே ஒரு நீண்ட பாலத்தைக் கடப்பர். கீழே ஓடுவது சம்பல் ஆறு. ஒரு காலத்தில் கொள்ளையர்களின் புகலிடம் என்று அஞ்சப்பட்ட பள்ளத்தாக்குகள் அதன் இரு கரைகளிலும் மடிப்பு மடிப்பாக விரிந்திருக்கும். பலமுறை சன்னல் வழியே மட்டுமே கண்ட அந்த ஆற்றை, சென்ற மே மாதத்தில் ஒரு நாள் படகிலிருந்து காணச் சென்றோம்.

காலை ஐந்தரை மணிக்கே தோல்பூருக்கு அருகிலுள்ள துறையை அடைந்துவிட்டோம். பகலில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் என்பதால் பறவை காண்போருக்கு விடியலே உகந்த வேளை. கரையோரப் புல்வெளியில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் காலடியிலிருந்து எழும் பூச்சிகளைக் கொக்குகள் பொறுக்கின. செங்குத்தான மண்கரையின் பொந்துகளில் கரை மைனாக்கள் கூட்டமாகக் குடியிருந்தன. நீரோரத்தில் நின்ற ஆற்று ஆள்காட்டி ஒன்று எங்களைக் கண்டதும் குரலெழுப்பி, ஆறு முழுவதற்கும் செய்தி அறிவித்துவிட்டது.

படகு நடு ஆற்றை அடைந்தபோது, நாங்கள் தேடி வந்த பறவை எதிர்ப்பட்டது. கருமையான முதுகு, வெண்ணிற வயிறு, நுனி மஞ்சளாக முடியும் செம்மஞ்சள் அலகு. ஆங்கிலப் பெயரையொட்டி இந்திய ஸ்கிம்மர் எனப்படும் இதனை இந்தியில் 'பஞ்சீரா' என்பர். நீரைக் கிழிப்பது என்று பொருள். இதன் கீழலகு மேலலகைவிட நீளமானது. அலகைத் திறந்து, கீழலகை நீரில் அமிழ்த்தியவாறே ஆற்றின் மேற்பரப்பை ஒட்டிப் பறக்கும். மீன் தட்டுப்பட்ட கணமே அலகு மூடிக்கொள்ளும். கத்தரிக்கோல் துணியை வெட்டிச் செல்வது போல, பறவைக்குப் பின்னால் நீரில் ஒரு கோடு நீண்டது.

சற்றுத் தொலைவில் ஒரு மணல் திட்டு. அதில் பஞ்சீராக்களும் ஆற்று ஆலாக்களும் அடைகாத்துக்கொண்டிருந்தன. கூடு என்று சொல்ல ஏதுமில்லை. மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளியிட்ட முட்டைகள். அருகில் சென்று ஒரு படம் எடுக்க விரும்பி, திட்டில் இறக்கிவிடுமாறு படகோட்டியிடம் கேட்டோம். அவர் துடுப்பை நிறுத்திவிட்டார். "வேண்டாம் பாபுஜி. நீங்கள் இறங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். இந்த வெயிலில் முட்டை வெந்துபோகும். முட்டை எங்கிருக்கிறது என்பது உங்கள் காலுக்கும் தெரியாது" என்றார். நாங்கள் கேட்டதற்கு நாணி, தொலைநோக்கியோடு நின்றுகொண்டோம். அதன் வழியே கண்ட காட்சி, அவர் சொல்லுக்குச் சான்றாக அமைந்தது. ஒரு பறவை ஆற்றில் வயிற்றை நனைத்துக்கொண்டு விரைந்து வந்து, ஈர இறகுகளோடு முட்டைகளின் மேல் அமர்ந்தது.

கோடையில்தான் இப்பறவைகளுக்கு வாழ்வும் இடரும் சேர்ந்து வருகின்றன. நீர் வற்றினால்தான் திட்டுகள் தலைகாட்டும். அளவுக்கு மேல் வற்றினாலோ திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நாய்களும் நரிகளும் நடந்தே வந்து முட்டைகளைத் தின்றுவிடும், கால்நடைகள் மிதித்துவிடும். மேலே காந்திசாகர் முதல் கோட்டா தடுப்பணை வரை நான்கு அணைகள் உள்ளன. பாசனத்திற்கு நீர் திருப்பப்பட்டால் ஆறு சுருங்கும். திடீரென நீர் திறக்கப்பட்டால் திட்டு மூழ்கும். இவற்றோடு மணல் கொள்ளையும் சேர்ந்துகொள்கிறது. பஞ்சீரா இன்று உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டுள்ளது. மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் பரவியுள்ள தேசிய சம்பல் சரணாலயம் இதன் முக்கிய இனப்பெருக்க இடங்களுள் ஒன்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆற்றங்கரைச் சிற்றூர் மக்களையே கூடுகளின் காவலர்களாக அமர்த்தி வருவது நம்பிக்கை தருகிறது.

திரும்பும் வழியில் எதிர்க்கரை மணலில் நீண்ட மூக்குடைய கரியால் முதலைகள் வெயில் காய்ந்தன. உலகில் இயற்கையாக வாழும் கரியால்களில் பெரும்பகுதி இவ்வாற்றில்தான் உள்ளது. ஒன்பது மணிக்கெல்லாம் மணல் தகித்தது, கரையேறினோம். மணல் திட்டில் தாய்ப்பறவைகள் அசையாமல் அமர்ந்திருந்தன. நிழலுக்கு ஒதுங்க எங்களுக்கு மரமிருந்தது, அவற்றுக்கு இல்லை.

செல்ல விரும்புவோர் ஆக்ராவிலிருந்தோ குவாலியரிலிருந்தோ இரயிலிலும் சாலை வழியாகவும் தோல்பூரை அடையலாம். படகுப் பயணத்திற்கான அனுமதி குறித்து வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டறிவது நலம். தொலைநோக்கி, தொப்பி, போதிய குடிநீர் ஆகியவை தேவை. மணல் திட்டில் மட்டும் இறங்க வேண்டாம், படகோட்டி இசைந்தாலும்.