எலும்புத் தொகுதி 239. ஒப்பிட்டுப் பார்க்க இரத்தம் எங்கே?

யாழ்ப்பாணத்துச் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் 2025 செப்டெம்பர் 6 வரை மொத்தம் 54 நாள் தோண்டினார்கள். கண்டறியப்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் 240. வெளியே எடுக்கப்பட்டவை 239. நாளொன்றுக்கு நாலுக்கும் மேல். அவற்றில் எஸ்-25 என்று இலக்கமிடப்பட்டது ஒரு சின்ன உடல். பக்கத்தில் நீலப் புத்தகப்பை. வயது 4 முதல் 5 வரை என்று சட்ட வைத்திய அதிகாரி மன்றுக்கு அறிக்கை கொடுத்தார். இலக்கம், வயது, பை எல்லாம் பதிவாகிவிட்டன. பெயர் மட்டும் இல்லை.

பழைய நிலுவை

செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டதாக 1998இல் மரண தண்டனை பெற்ற படைச்சிப்பாய் ஒருவர் நீதிமன்றில் சொன்னார். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15. உறவினர் அடையாளம் காட்டியது 2. பெயரில்லாமல் போனவை 13. தோண்டுவதோடு வேலை முடிவதில்லை என்பதற்கு அந்த 13 பேரே சாட்சி.

தீவகக் கணக்கு

1990 ஆகஸ்டில் படையினர் யாழ்ப்பாணத் தீவகத்தில் இறங்கியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பகுதிகளில் பிடித்துச் செல்லப்பட்டோர், ஊரார் கணக்கில் 80இற்குக் குறையாது. அவர்களைத் தேடி மண்டைதீவுக் கிணறுகளைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி உறவினர் இன்றும் கேட்கிறார்கள். 2006 ஆகஸ்ட் 20இல் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுணும் உதவியாளரும் காணாமற்போனார்கள். இலங்கை முழுவதும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் காணாமற்போனோராகப் பதிவானோர் 16,000இற்கு மேல்.

கொடுத்த காசு

காணாமற்போனமைக்கான சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் 6,000 ரூபா என்று 2019 வரவு செலவுத் திட்டம் சொன்னது. ஒதுக்கியது 50 கோடி. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72,000 என்றால் அது 6,944 குடும்பத்துக்குத்தான் காணும். 2022இல் ஒரே தடவைக் கொடுப்பனவாக முதலில் 1 இலட்சம், பிறகு 2 இலட்சம் என்றார்கள். 1990 ஆகஸ்டிலிருந்து 2025 ஆகஸ்ட் வரை 420 மாதம். 2 இலட்சத்தை அதால் பிரித்தால் மாதத்துக்கு 476 ரூபா. தாய்மார் பலர் அதை வாங்க மறுத்ததில் நியாயம் இருக்கிறது: அவர்கள் கேட்டது காசையல்ல, பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற பதிலை.

இனி வேண்டிய தொகை

அந்தப் பதிலுக்கு எலும்பு பாதி. மறுபாதி, மரபணுவை ஒப்பிட உயிரோடிருக்கும் உறவினரின் இரத்தம். பொஸ்னியாவின் சிறெப்ரெனிகாவில் கொல்லப்பட்டோர் சுமார் 8,000. அவர்களுக்காக 22,000இற்கு மேற்பட்ட உறவினர் இரத்தம் கொடுத்தார்கள். 6,900 பேர்வரை பெயரோடு அடையாளம் காண முடிந்தது. ஆளுக்கு ஏறத்தாழ 3 மாதிரி. அதே விகிதத்தில் நமது 16,000 பேருக்கு 48,000 மாதிரி வேண்டும். விரல் நுனியில் ஒரு குத்து, அட்டையில் சில சொட்டு. சில நிமிட வேலை.

காலம்தான் கையில் இல்லை. 1990இல் 20 வயது மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அன்று 45 என்றால் 2025இல் 80. பெற்றோரின் மாதிரிதான் மிக உறுதியான சான்று; அவர்கள் போய்விட்டால் சகோதரரை வைத்து ஒப்பிடலாம், ஆனால் பலர் வேண்டும், உறுதியும் குறையும்.

அனலைதீவில் அப்படி ஒரு தாய் இருந்தால், வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து 20 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகவேண்டும். கச்சான் காற்றடிக்கும் நாளில் 80 வயதில் அது நடக்காது. ஆகவே மாதிரி எடுக்கும் குழுதான் வள்ளம் ஏறவேண்டும்: அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று வீடு வீடாக. கிணறுகளை அடுத்த ஆண்டும் தோண்டலாம். தாய்மாரின் இரத்தத்தை இந்த ஆண்டே எடுத்து வைக்கவேண்டும்.