கினிப்பன்றிக்கு என்ன நோய்?

(மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன் எழுதுவது)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ரோபோ பற்றி எழுது, செயற்கைக்கோள் பற்றி எழுது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் எழுதப்போவது எங்கள் வீட்டுக் கினிப்பன்றி பற்றி. “என்னடா இது, பாலிடெக்னிக் மலரா, கால்நடை மலரா?” என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் லேபில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று கடைசியில் வரும்.

எங்கள் அப்பா பெயின்ட் அடிக்கும் வேலை செய்கிறார். போன வருடம் ஜூன் மாதம் அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் வெளியூர் போகும்போது, “உங்க பொண்ணுக்குக் குடுங்க” என்று கூண்டோடு கொடுத்துவிட்டார்கள். வெள்ளை உடம்பில் பழுப்புப் புள்ளி. என் தங்கச்சி அதற்குப் ‘பொரி’ என்று பெயர் வைத்தாள்.

முதலில் ஓர் அறிமுகம். கினிப்பன்றி பன்றி இனமும் இல்லை, கினி நாட்டைச் சேர்ந்ததும் இல்லை. எலி, அணில் போன்ற கொறிக்கும் இனம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில், இன்றைய பெரு, பொலிவியா நாடுகளில், ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே மக்கள் இதை இறைச்சிக்காக வீட்டில் வளர்த்தார்கள். பிறகு ஐரோப்பா போனது. அங்கே செல்லப்பிராணியாகவும் ஆய்வுக்கூடப் பிராணியாகவும் ஆனது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல். வாயில் 20 பற்கள். அவை அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் எந்நேரமும் புல்லை மென்று தேய்க்க வேண்டியிருக்கிறது.

சப்ளையை முதலில் பார்

பொரி வந்து இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் ஒருநாள் மூலையில் குன்றிப்போய் உட்கார்ந்தது. முடி சிலிர்த்துப் பரட்டையாக இருந்தது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. தூக்கினால் கத்தியது.

வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மின்சார பில்லானாலும், ரேஷன் கார்டு விண்ணப்பமானாலும், மாத்திரை அட்டையானாலும், “படிச்சவன் நீ, என்னன்னு பாரு” என்று என்னிடம்தான் வரும். இதுவும் அப்படியே வந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“இன்ஃபெக்‌ஷன்” என்று ஒரு வார்த்தையை எடுத்து விட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய அமாக்ஸிசிலின் மாத்திரையில் மூன்று மிச்சம் இருந்தது. அதில் கால்வாசியைத் தூளாக்கிக் கொடுக்கலாம் என்று முடிவும் செய்துவிட்டேன். அப்போது எங்கள் அப்பத்தா, “ஏய்யா, ஆட்டுக்கே மாட்டாஸ்பத்திரியில கேக்காம மருந்து குடுக்க மாட்டேன். ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வா” என்றது. போனேன்.

அந்த மருத்துவர் சொன்னதை நான் என்றும் மறக்க மாட்டேன். “தம்பி, நான் ஆடு, மாடு, கோழி பாக்கிறவன். இதை இதுவரைக்கும் தொட்டதில்லை. புத்தகத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்” என்று சொல்லி, உண்மையிலேயே புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். என் கையில் இருந்த மாத்திரையைப் பார்த்ததும், “இதைக் குடுத்திருந்தா செத்தே போயிருக்கும்” என்றார்.

காரணம் இதுதான். பென்சிலினும் அமாக்ஸிசிலின் போன்ற அதன் சொந்தக்கார மருந்துகளும் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும். அந்த இடத்தில் விஷம் கக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, சில நாளில் உயிரே போய்விடும். 1943-லேயே இது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1940 மே 25-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் ஃபுளோரியின் குழுவினர் பென்சிலினை முதன்முதலாக எட்டுச் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன, மற்ற நான்கும் இறந்தன. சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றியை எடுத்திருந்தால், மனித உயிர்களைக் காத்த மருந்தை விஷம் என்று அப்போதே ஒதுக்கியிருப்பார்களோ என்னவோ! ஒரு ஜீவனுக்கு மருந்து, இன்னொரு ஜீவனுக்கு நஞ்சு. நானும் மூன்று மாத்திரையோடு அந்தத் தப்பைச் செய்ய இருந்தேன்.

“என்ன சாப்பாடு போடுறீங்க?” என்று மருத்துவர் அடுத்துக் கேட்டார். சோறு, ரொட்டித் துண்டு, பழைய வீட்டுக்காரர்கள் கொடுத்த ஒரு மூட்டைத் தீவனம் என்றேன். “அதுல தேதி பார்த்தியா?” என்றார். பார்க்கவில்லை.

நண்பர்களே, ரிப்பேருக்கு வரும் எந்தப் போர்டைத் தொட்டாலும் நம் லேப் சார் சொல்வது என்ன? “முதல்ல சப்ளையைப் பாரு.” ஐ.சி.யைக் கழற்றுவதற்கு முன்னால் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உயிருக்கு சப்ளை சாப்பாடுதானே! அதை நான் பார்க்கவே இல்லை.

பெரும்பாலான மிருகங்கள் வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் கினிப்பன்றியாலும் முடியாது. அதற்கான கடைசி என்சைம் நமக்கும் அதற்கும் இல்லை. 1907-இல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்துப் பார்த்தபோது, கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. வைட்டமின் சி-யை உலகம் கண்டுகொள்ள வழி திறந்ததே இந்தச் சின்னப் பிராணிதான். அது தெரியாமல் நானும் அதே சோதனையை எங்கள் வீட்டில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தீவனத்தில் சேர்த்த வைட்டமின் சி-யும் நாள்பட நாள்பட அழிந்துவிடும். மூட்டு வீக்கம், நடக்கத் தயங்குதல், பரட்டை முடி, ஈறில் ரத்தம், எடை குறைதல் எல்லாம் இதன் அடையாளங்கள்.

நல்ல நிலையில் இருக்கும் கினிப்பன்றிக்கு உடல் எடையில் கிலோவுக்குத் தினம் சுமார் 10 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். நோயுற்றதற்கும் சினையானதற்கும் 30 வரை. மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தோடு கொத்தமல்லித் தழை, கொய்யாத் துண்டு, குடைமிளகாய் கொடுத்தோம். அருகம்புல் தாராளமாகப் போட்டோம். பத்தே நாளில் பின்னங்கால் நேரானது. தங்கச்சியின் காலடிச் சத்தம் கேட்டதும் ‘வீக், வீக்’ என்று கத்த ஆரம்பித்தது. தெருவில் என் மதிப்பு உயர்ந்தது. “நம்ம பய வைத்தியமே பாத்துட்டான்” என்றார் அப்பா.

காரணம் தெரியாத கோளாறு

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

நவம்பரில் ஒருநாள் பொரி திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தியது. முதுகைக் கூனிக்கொண்டு அரைநாள் அசையாமல் இருந்தது. சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து புல் தின்றது. மூன்று வாரம் கழித்து மறுபடி அதே கதை. வைட்டமின் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். இது வேறு ஏதோ.

லேபில் நாம் மிகவும் பயப்படுவது இந்த வகைக் கோளாறுக்குத்தான். எப்போதும் இருக்கும் ஃபால்ட்டைப் பிடித்துவிடலாம். வந்து வந்து போகும் ஃபால்ட், மீட்டரை வைக்கும்போது இருக்காது. அதற்கு ஒரே வழி, ரீடிங் எடுப்பது. ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். தேதி, எடை, தின்ற அளவு, புழுக்கையின் அளவு, சிறுநீரின் நிறம், அன்றைய வெயில் என்று கட்டம் போட்டேன். எடை பார்க்க வாரா வாரம் ஞாயிறன்று மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போவோம். “தராசுல பன்னியையா வைக்கிற?” என்று முதலில் திட்டியவர், பிறகு அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்துவிட்டார்.

புழுக்கையைக் கவனிக்கச் சொன்னது அப்பத்தா. “ஆடா இருந்தா அசை போடுதான்னு பாத்துச் சொல்லிருவேன். இது அசை போடாது. அப்ப புழுக்கையத்தான் பாக்கணும்” என்றது. எந்தப் பள்ளிக்கூடமும் போகாத அப்பத்தா சொன்னது முழுக்கச் சரி. புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ குடல் ஓட்டம் குறைகிறது என்று பொருள்.

வெயிலோ என்று சந்தேகப்பட்டேன். 30 டிகிரிக்கு மேல் கினிப்பன்றிக்கு ஆபத்து. எங்கள் வீடோ தகரக் கூரை. ஆனால் மார்கழிக் குளிரிலும் அந்தக் கோளாறு வந்திருப்பதை நோட்டு காட்டியது. கொத்தமல்லியோ என்று ஒரு மாதம் அதை மட்டும் நிறுத்தினேன். அப்போதும் வந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. இதுவும் லேப் பாடமே.

மாசி மாதம் அப்பா ஒருநாள் கூலியை எடுத்துக் கொடுத்தார். அட்டைப்பெட்டியில் பொரியை வைத்து, பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பல்லைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சிறுநீர்ப்பையில் கல் இல்லை. தோலில் உண்ணி இல்லை. வயதான பெண் கினிப்பன்றிகளுக்குக் கருப்பையருகே வரும் நீர்க்கட்டியும் தட்டுப்படவில்லை. கடைசியில், “காரணம் பிடிபடலை. நோட்டை விடாம எழுதுங்க” என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார்: “இன்னும் எவ்வளவு படிச்சா இதெல்லாம் தெரியும்?”

அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன்: “தெரியலப்பா. அவங்க என்னைவிட எத்தனையோ வருசம் படிச்சவங்க. அவங்களே தெரியலன்னு சொல்லிட்டாங்க.” அப்பா கோபப்படவில்லை. “அப்ப தெரியலன்னு சொல்றதும் படிப்புதான் போல” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் காற்று படாமல் பெட்டியைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

வளர்ப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

1. கினிப்பன்றி இன்னொரு மிருகத்துக்கு இரையாகும் பிராணி. அதனால் நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 50 கிராம் குறைந்தால் உஷாராகுங்கள்; 100 குறைந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

2. அரைநாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடந்தால் குடலே நின்றுவிடும். தீவனத்தை ஊறவைத்துக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில், வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். அவசரப்பட்டால் புரையேறும். இதைச் செய்யும் முறையை முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. புல்தான் முக்கிய உணவு. பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்பில் அறுக்காதீர்கள். சோறு, ரொட்டி, வெங்காயம் வேண்டாம்.

4. வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரை வேண்டவே வேண்டாம். என் கதையே சாட்சி.

5. நோட்டு எழுதுங்கள். “ரெண்டு நாளா சரியில்ல சார்” என்று சொல்வதைவிட, ஒரு பக்க ரீடிங் மருத்துவருக்கு அதிகம் உதவும்.

இப்போது பொரியின் எடை 880 கிராம். இந்த ஒரு வருடத்தில் அந்தக் கோளாறு 11 தடவை வந்துபோயிருக்கிறது. காரணம் இன்றுவரை தெரியாது. ஆனால் முன்னைப்போல் வீடே கலங்குவதில்லை. முதுகு கூனியதுமே அம்மா தீவனத்தை ஊறவைத்துவிடுவார். தங்கச்சி சிரிஞ்சைக் கழுவுவாள். நான் மணியைக் குறிப்பேன்.

இந்த அக்டோபரில் ஐந்தாம் செமஸ்டர் தேர்வு. மூன்று வாரம் நோட்டைத் தொடவே இல்லை. ரீடிங் விட்டுப்போயிற்றே என்ற கவலையோடு பிறகு திறந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கும் எடை எழுதியிருந்தது. 870, 875, 870. அப்பாவுக்கு எழுத்து வராது. கூலிக் கணக்குக்காக எண் மட்டும் எழுதுவார். கட்டத்துக்குள் அடங்காமல் பெரிது பெரிதாக இருந்தது அந்தக் கையெழுத்து.

எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவன்தான் படித்தவன் என்று நினைத்திருந்தேன். சப்ளையைப் பார்த்து, ரீடிங் எடுத்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் பக்கத்திலேயே இருப்பவன்தான் படித்தவன் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வகையில் எங்கள் வீட்டில் படித்தவர்கள் ஐந்து பேர்.