மேற்கோளில் மறைந்த ஊர்

தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையை வடசென்னையார் அறிவர். வாந்திபேதி கண்டோர்க்கு அது நெடுநாளையப் புகலிடம். நோய் பழையது; கிருமி புதிதாகும் என்று யார் கண்டார்? 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் புதுவகைக் காலராக் கிருமி தலைகாட்டிற்று. அதுவரை அறியப்பட்ட வகைகள் 138. ஆதலின் இதற்கு ஓ 139 என்று பெயரிட்டனர். வங்காள விரிகுடாக் கரையோரங்களில் முதலிற் கண்டமையால் ‘பெங்கால்’ என்னும் அடைமொழியும் சேர்ந்தது.

1993இல் லான்செட் இதழில் வெளிவந்த சிறு கட்டுரைகள் சிலவற்றையே பின்வந்த ஆராய்ச்சியாளர் பெரிதும் மேற்கோள் காட்டினர். புதிய நோய்க்கு வேறு சான்று ஏது? ஆயின், மாணவர்களே, மூலத்தைப் படியாது பிறர் காட்டிய மேற்கோளையே எடுத்தெழுதுவோர்க்கு இது வங்காளத்து நோயாகவே தோன்றும். ராமமூர்த்தி முதலியோர் எழுதிய மூலக் கட்டுரையின் தலைப்போ தென்னிந்தியாவை முன்னும் கிழக்கிந்தியாவைப் பின்னும் வைத்துக் கூறுகிறது.