மாணிக்கவேலு மாளிகைக்குள் நாமும் போகலாமா?

பெங்களூரு ஈஜிபுராவிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அரண்மனைச் சாலையின் மாணிக்கவேலு மாளிகை. ஆனாலும் அந்த வாசலைக் கண்டாலே நம்மில் பலருக்குத் தயக்கம்.

அது யாரோ பணக்காரர் வீடாச்சே, உள்ளே விடுவார்களா?

ஒரு காலத்தில் அப்படித்தான். சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, மாங்கனீஸ் சுரங்கத் தொழிலில் பொருள் சேர்த்த மாணிக்கவேலு முதலியார், மைசூர் யுவராஜாவிடமிருந்து வாங்கிய தோட்ட வீடு அது. பின்னாளில் அரசின் கைக்கு வந்தது. 2009 பிப்ரவரி 18 முதல் தேசிய நவீன கலைக்கூடத்தின் பெங்களூரு மையம் அங்கேதான் நடக்கிறது. அழைப்பிதழும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். பெரிய மனிதர் வீடு கலைக்கூடமாவது புதிதும் அல்ல: டெல்லி கலைக்கூடமும் 1954 முதல் ஜெய்ப்பூர் மகாராஜாவின் பழைய இல்லத்தில்தான் இயங்குகிறது.

பழைய வீட்டை அப்படியே விடாமல் அந்த வளாகத்தில் புதுக் கட்டடம் எதற்கு?

நியாயமான கேள்வி. காற்றும் வெயிலும் தாராளமாக வரட்டும் என்று கட்டிய வீடு அது. மனிதருக்கு இதமான அதே ஜன்னல் வெயில் ஓவியத்துக்குப் பகை. காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் ஆகாது. நம் வீட்டு வரவேற்பறை விளக்கே பெரும்பாலும் அதைவிடப் பிரகாசம். அதற்கு மேல் போனால் நிறம் இன்னும் வேகமாக வெளுக்கும், வெளுத்த நிறம் திரும்பாது. ஈரப்பதம் ஏறி இறங்கினால் காகிதம் நெளியும், கேன்வாஸில் வண்ணம் வெடிக்கும். பழைய அறைகளை இடித்து இதற்கெல்லாம் வசதி செய்திருந்தால் வீடே மிஞ்சியிருக்காது. அதனால் மாளிகையைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டு, வளாகத்தின் முதிர்ந்த மரங்களுக்கு இடம்விட்டுப் புதுக் கூடத்தைத் தனியாகச் சேர்த்தார்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உள்ளே வெளிச்சம் மங்கலாக இருந்தால் மின்சாரச் சிக்கனம் என்று நினைக்காதீர்கள், ஓவியத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

எதைக் காட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இங்கேதான் எனக்கும் மனக்குறை. மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழ் உள்ள நிறுவனம் இது. பெங்களூரு, மும்பை மையங்களின் உள்ளூர்க் கலைஞர் ஆலோசனைக் குழுக்கள் கலைக்கப்பட்டதை 2019 பிப்ரவரியில் மும்பை மேடையில் நடிகர் அமோல் பாலேகர் கேள்வி கேட்டார். பேச்சின் நடுவே குறுக்கிட்டுத் தடுத்தார்கள். ஓர் ஊரின் சுவரில் என்ன மாட்டலாம் என்பதில் அந்த ஊர்க் கலைஞர்களுக்குக் குரல் இருந்தே ஆக வேண்டும். பார்க்க வருகிறவர்களும் அதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

எப்படிப் போவது?

சிவாஜிநகர் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.