சுழலும் தட்டுக்கு ஓய்வு

பழைய லேப்டாப் மந்தமானால் பழி பெரும்பாலும் பிராசசர் மேல் விழுகிறது. ஆனால் 2013 வாக்கில் வாங்கிய ஒரு சாதாரண லேப்டாப்பின் பிராசசர்கூட டைப் செய்வதற்கும் கணக்கு எழுதுவதற்கும் இணையம் பார்ப்பதற்கும் இன்றும் போதும். அதைக் காக்கவைப்பது ஹார்ட் டிஸ்க்தான். ஆன் செய்து மூன்று நிமிடம் ஆகியும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும். பிராசசர் பெரிய வேலையில்லாமல் இருக்கும், டிஸ்க் என்ற இடத்தில் மட்டும் 100 சதவீதம் என்று நிற்கும்.

ஹார்ட் டிஸ்க்கின் மூடிக்குள் காந்தப் பூச்சு பூசிய வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு கை முன்னும் பின்னும் போய்வருகிறது. கையின் நுனியிலுள்ள ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. லேப்டாப்புக்கான டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். தேவையான இடம் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செகண்ட் ஆகும். கை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லி செகண்ட். ஆக, ஒரு சிறு தகவலை எடுக்க ஏறக்குறைய 17 மில்லி செகண்ட். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகத் தேடுகிறது. ஆயிரம் தேடலுக்கு 17 செகண்ட், பத்தாயிரம் தேடலுக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். மளிகைக் கடையில் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக் கொடுக்க நேரமாகாது. நாற்பது சாமானைக் கால் கிலோ கால் கிலோவாகக் கேட்டால்தான் கடைப்பையன் பரணுக்கும் தரைக்கும் ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஒரே பெரிய சினிமாக் கோப்பைத் தடையின்றி ஓட்டும் அதே டிஸ்க், கணினியைத் திறக்கத் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் குறை பிறவியிலேயே வந்தது. உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் அது சேமித்தது 50 லட்சம் எழுத்துகளை. ஒரு தகவலைத் தேடி எடுக்க அதற்குச் சுமார் 600 மில்லி செகண்ட் ஆனது. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் டிஸ்க் அதைப்போல் 2 லட்சம் மடங்கு கொள்கிறது. காத்திருக்கும் நேரமோ ஏறக்குறைய 35 மடங்குதான் குறைந்திருக்கிறது. காந்தப் புள்ளிகளை மேலும் மேலும் நெருக்கி எழுத முடிந்திருக்கிறது. ஆனால் ஓர் உலோகக் கையை நகர்த்தும் வேகத்துக்கு எல்லை உண்டு.

ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வந்த எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியில் நகரும் பொருள் எதுவுமே இல்லை. அதிலுள்ள நேண்ட் ஃபிளாஷ் நினைவகத்தை 1987இல் உலகுக்கு அறிவித்தவர்கள் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவும் அவருடைய குழுவினரும். மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட மிகச்சிறு அறைகளில் எலக்ட்ரான்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. மின்சாரம் நின்றாலும் அவை உடனே வெளியேறுவதில்லை. எந்த அறையைப் படிக்கவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான், அதுவும் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பத்தாயிரம் தேடல் ஒரு செகண்டில் முடிந்துவிடுகிறது.

எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த அறைகள் சற்றுத் தேய்கின்றன என்பதால் எஸ்எஸ்டியை நம்பத் தயங்குகிறவர்கள் உண்டு. நடுத்தரமான 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டெராபைட் வரை எழுதலாம் என்ற உத்தரவாதம் சாதாரணமாகக் கிடைக்கிறது. தினமும் 20 ஜிபி எழுதினால்கூட அந்த அளவை எட்ட 40 ஆண்டு ஆகும். வீட்டு உபயோகத்துக்கு இந்தப் பயம் தேவையில்லை.

வாங்குமுன் லேப்டாப்பில் உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் சாட்டா என்ற வகை இணைப்புள்ள இரண்டரை அங்குல டிஸ்க். அதே அளவுள்ள சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும். சற்றுப் புதிய லேப்டாப்பில் எம்.2 என்ற சூயிங்கம் பட்டை வடிவ இடமும் இருக்கலாம். அங்கேதான் ஏமாற வாய்ப்பு அதிகம். எம்.2 வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். சாட்டாவின் உச்ச வேகம் செகண்டுக்குச் சுமார் 550 எம்பி. என்விஎம்இயில் 3,500 எம்பியும் அதற்கு மேலும் கிடைக்கும். ஆனாலும் பழைய கணினிக்கு உயிர் கொடுப்பது இந்த உச்ச வேகம் அல்ல, காத்திருப்பு ஒழிவதுதான். அதனால் சாட்டாவே போதும்.

வேலையில் முதலாவது பேக்கப். பழைய டிஸ்க்கிலிருந்து சீரான இடைவெளியில் ‘டக், டக்’ என்று ஓசை கேட்டால் அதன் நாள் எண்ணப்படுகிறது என்று பொருள். அந்த நிலையில் முழு டிஸ்க்கையும் நகலெடுக்க முயல்வதைவிட, திரும்பக் கிடைக்காத புகைப்படங்களையும் ஆவணங்களையும் முதலில் மீட்பதே புத்திசாலித்தனம். டிஸ்க் நலமாக இருந்தால், யுஎஸ்பி கேபிள் வழியாக எஸ்எஸ்டியை இணைத்து, குளோனிங் மென்பொருளால் எல்லாவற்றையும் அப்படியே மாற்றிவிடலாம். டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்கப் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்னதாகவே எழுதி வைக்க வேண்டும். பல ஆண்டுக் குப்பையைக் கூடவே கொண்டுபோக விரும்பாதவர்கள் புதிதாக இன்ஸ்டால் செய்வது நல்லது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று.

கழற்றுமுன் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்க, பூமியோடு தொடர்புள்ள ஓர் உலோகத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பின்மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமான ஒன்றைத் தவறான துளையில் முடுக்கினால் கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும். கழற்றிய வரிசையிலேயே அவற்றை ஒரு தாளில் குத்தி வைத்தால் குழப்பம் வராது. டிஸ்க்கைச் சுற்றியுள்ள தகடு நான்கு ஸ்க்ரூக்களில் நிற்கும். அவற்றைக் கழற்றிய பிறகு டிஸ்க்கை மேலே தூக்காமல், இணைப்பிலிருந்து பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி எடுக்க வேண்டும். புதியதை ‘எல்’ வடிவ வெட்டைப் பார்த்துச் செருகினால் தலைகீழாகப் போக வழியில்லை. பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 என்பதால் சில லேப்டாப்களில் அது ஆடும். அப்போது ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு 500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 465 என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வேலைக்கு அது எஸ்எஸ்டியைவிடப் பொருத்தமானது. மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எஸ்எஸ்டியின் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். காந்தப் பதிவு அப்படிக் கரைவதில்லை. டிஸ்க்கைப் பிறருக்குக் கொடுப்பதானால் டெலீட் செய்வதோ வேகமாக ஃபார்மெட் செய்வதோ போதாது. அவை பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கின்றன, பக்கங்கள் அப்படியே இருக்கும். முழு டிஸ்க்கையும் ஒருமுறை மேலெழுதிய பிறகே கைமாற்ற வேண்டும். ஓடாத டிஸ்க்கை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். தகவலை அழிக்கிறேன் என்று சுத்தியலால் அடிப்பது ஆபத்து. இரண்டரை அங்குல டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. அடி விழுந்ததும் அது பொடிப்பொடியாக உடைந்து கண்ணை நோக்கிச் சிதறும்.