கணவன் உழைப்பில் மனைவியின் பங்கு

ஒருவர் வாழ்க்கையில் முன்னேறினால் அவருடைய திறமையைப் புகழ்கிறோம். அந்தத் திறமை நாள்தோறும் வேலைக்குச் செல்ல வழி செய்தவர் யார் என்று கேட்பதில்லை. திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே ‘வாழ்க்கைத் துணைநலம்’. துணை என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை எங்கள் ஊர்த் தொழிலைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

போடிநாயக்கனூர் ஏலக்காயால் வாழும் ஊர். காய் விளைவது பெரும்பாலும் போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அதைத் தரம் பிரிப்பதும் விற்பதும் போடியில் பெருந்தொழில். ஏலக்காய் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. ஆகவே ஒரே செடியில் சில வாரங்களுக்கு ஒருமுறை, பல சுற்றுகளாகக் காயெடுக்க வேண்டும். எடுத்த பச்சைக்காயைத் தாமதமின்றி ஸ்டோரில் ஏற்றி, மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். சூடு மிஞ்சினால் நிறமும் மணமும் கெடும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ தேறும். காயெடுப்புக் காலத்தில் ஸ்டோர்க்காரருக்கு இரவில் உறக்கமில்லை. ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநருக்கு விடியற்காலையில் உறக்கமில்லை.

என் தந்தை அத்தகைய ஜீப் ஓட்டுநர். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் ஏறி இறங்குகிறார். அவர் 5 மணிக்கு வண்டியை எடுக்க வேண்டுமானால் அம்மா மூன்றரைக்கே எழ வேண்டும். மலைப்பாதையில் தூக்கக் கலக்கம் உயிருக்கே ஆபத்து என்பதால், அவர் வந்து படுத்துவிட்டால் அம்மா எங்களைச் சத்தமாகப் பேசக்கூட விடமாட்டார். தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடை, பாட்டியின் மருத்துவம், எங்கள் படிப்பு எல்லாம் அம்மாவின் பொறுப்பு. இதற்கிடையில் பகலில் காய் பொறுக்கவும் போகிறார். பருமன், நிறம், வெடிப்பு பார்த்துக் காயைப் பிரிக்கும் வேலை அது. ஒருமுறை அங்கேயே கண்காணிப்பு வேலை கொடுப்பதாகச் சொன்னார்கள்; கூலியும் கூடும். இரவு 7 மணிவரை இருக்க வேண்டும் என்றதால் அம்மா மறுத்துவிட்டார். ஜீப்புக்கு முன்பணம் கட்டியதும் அவருடைய நகைதான். ஆனால் ஊரார் அதை ‘அவர் சம்பாதித்த ஜீப்’ என்கிறார்கள். வீட்டுப் பத்திரத்திலும் அப்பாவின் பெயர் மட்டுமே இருக்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள்; அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களோ 97 நிமிடங்கள்.

இந்த உழைப்பைச் சட்டம் கணக்கில் எடுக்குமா? 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு இதற்கு விடை கூறுகிறது. கணவர் சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் குடும்பத்தை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்பதே வழக்கு. மனைவி வீட்டைக் கவனித்ததால்தான் கணவர் சம்பாதிக்க முடிந்தது. விடுமுறையே இல்லாத அந்த உழைப்பும் சொத்து வாங்கப் பயன்பட்டதே. எனவே அவருக்குச் சரிபாதி உண்டு என்று நீதிமன்றம் கூறியது. சவூதியாக இருந்தால் என்ன, போடிமெட்டாக இருந்தால் என்ன? கணக்கு ஒன்றுதான்.

மனைவியின் தியாகத்தைப் போற்றிப் பேசுவது எளிது. ‘அவள் தெய்வம்’ என்று சொல்லிவிட்டு அவளையே எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்வதில் என்ன நியாயம்? பாராட்டு இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். ஒன்று வீட்டு வேலையில்: குடத்தைத் தூக்கவும் சோறு வடிக்கவும் ஆண்களாகிய நம் கைகளுக்கும் தெரிய வேண்டும். மற்றொன்று பத்திரத்தில். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் தமிழக அரசு பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கிறது. புதிதாக மனை வாங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

அந்தத் தீர்ப்பை நான் அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் அப்போது ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, வீட்டில் பாதியை அம்மா பெயருக்கு எழுதி வைக்க என்ன செலவாகும் என்று பத்திர எழுத்தரிடம் விசாரித்துவிட்டு வந்தார். அம்மாவோ, “முதலில் இவன் படிப்பை முடிக்கட்டும், அந்தப் பணம் பரீட்சைக் கட்டணத்துக்கு ஆகும்” என்கிறார். இந்த ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்க நாங்கள் இருவரும் சம்மதிப்பதாக இல்லை. நண்பர்களே, உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.